மாட்டுக்குக் குறியுண்டு, நாய்க்கு உரியவர் யார்?

தண்ணீரூற்றின் ஒழுங்கைகளில் வைகறைப் பொழுதில் நடமாடுவோர் பலதரப்பட்டவர்கள். சுபஹுத் தொழுகைக்காகப் பள்ளிவாசல் நோக்கிச் செல்லும் முதியவர்கள், வயலுக்குப் புறப்படும் விவசாயிகள், துவிச்சக்கர வண்டிகளில் மேலதிக வகுப்புக்கு விரையும் மாணவர்கள், வைகாசி மாதமாயின் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கலுக்குக் கால்நடையாகச் செல்லும் அடியவர்கள் என இவர்களைப் பட்டியலிடலாம். இவர்களுட் பலரது கையில் தடியொன்று இருப்பது வழக்கம். பாம்புக்காக என்று சொல்லிக்கொண்டாலும், அத்தடி பெரும்பாலும் பயன்படுவது நாய்களை விரட்டுவதற்கே.

நாய் கடித்துவிட்டால், கடியுண்டவரோ அவரது உறவினரோ நாய் வெளிவந்த படலையில் நின்று விசாரிப்பது இயல்பு. அப்போது கிடைக்கும் பதிலும் நம்மில் அநேகர் கேட்டுப் பழகியதே. "அது எங்கட நாய் இல்லை. சும்மா வந்து நிக்கிறது." நேற்று மாலை வரை அந்த வளவிலேயே சோறுண்டு, அந்தத் திண்ணையிலேயே உறங்கி, அந்த வீட்டாரின் அதட்டலுக்கு வாலாட்டிய நாய், கடித்த கணத்திலேயே அநாதையாகிவிடுகின்றது. நாய்க்கடி தொடர்பான சட்டப் பொறுப்பு என்னும் விடயத்தில் இந்த ஒரு வாக்கியமே மிகப்பெரிய தடை என்பது நமது கருத்தாகும்.

நாய்த் தொல்லை பற்றிப் பேசும்போதெல்லாம் கட்டாக்காலி நாய்களைப் பற்றியே பேசப்படுகின்றது. அவற்றைப் பிடிக்க வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கைகள் எழுகின்றன. அவை நியாயமானவையே. ஆயினும், வீட்டில் கட்டி வளர்க்கப்படும் நாய்க்கும் சந்தையடியில் அலையும் நாய்க்கும் இடையே மூன்றாவது வகையொன்று உண்டு. உணவு ஒரு வளவில், உறக்கம் அதே வளவில், காவல் அதே வளவுக்கு. உரிமை மட்டும் எவருக்கும் இல்லை. வன்னிக் கிராமங்களில் இந்த மூன்றாவது வகை பெருகியதற்குக் காரணம் உண்டு. 1990 ஒக்ரோபரில் இங்கிருந்த முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 2009இல் இறுதி யுத்தத்தின்போது எஞ்சியிருந்த தமிழ் மக்களும் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடி, செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களைச் சென்றடைந்தனர். இரு சமூகத்தவரும் மீளத் திரும்பியபோது காணிகள் காடு பற்றியிருந்தன. எல்லைகள் மறைந்திருந்தன. வீட்டுத் திட்டங்கள் வீட்டைத் தந்தன, வேலியைத் தரவில்லை. யானையும் பன்றியும் குரங்கும் வந்துபோகும் வளவில், வேலியின் வேலையை நாய் செய்யத் தொடங்கியது. எனவே நாயை அவிழ்த்து விட்டிருப்பவர்கள் எல்லோரும் பொறுப்பற்றவர்கள் என்று கூற நாம் முன்வரவில்லை. நாய் தேவைப்படுகின்றது. தேவைப்படும் நாய்க்குப் பெயர் கொடுக்கத்தான் எவரும் முன்வருவதில்லை.

சட்டம் இது குறித்து மௌனமாக இருக்கின்றது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறானது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை, தன் வசமுள்ள விலங்கொன்றினால் மனித உயிருக்கோ கடுங்காயத்துக்கோ ஏற்படக்கூடிய ஆபத்தைத் தடுப்பதற்குப் போதிய ஒழுங்கைச் செய்யாது, அறிந்தோ கவலையீனமாகவோ விட்டுவிடுபவரைக் குற்றவாளியாகக் கொள்கின்றது. இந்த ஏற்பாடு இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து நமக்கு வந்தது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவிலும் அதே வாசகமே சிறு மாற்றங்களுடன் தொடர்கின்றது. அங்கு ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபா வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இங்கு கவனிக்க வேண்டியது "தன் வசமுள்ள" என்னும் சொற்கள். விலைச் சிட்டையோ பதிவுச் சான்றிதழோ கேட்கப்படவில்லை. வசம் இருந்தால் போதும். சோறு வைத்து, வளவில் தங்கவிட்டு, காவலுக்குப் பயன்படுத்துபவரின் வசத்தில் அந்த நாய் இல்லையெனில், வேறு யாருடைய வசத்தில் இருக்கின்றது?

குற்றவியல் வழக்கு ஒருபுறமிருக்க, நட்டஈடு என்னும் குடியியல் உரிமையும் உண்டு. நமது நாட்டின் பொதுச் சட்டத்துக்கு வேராக அமைந்த ரோமன் டச்சுச் சட்டத்தில், வீட்டு விலங்கு தன் இனத்தின் இயல்பான சாதுத் தன்மைக்கு மாறாக நடந்து பிறருக்குத் தீங்கு விளைவித்தால், உரிமையாளரிடத்தில் கவலையீனம் இருந்ததா என்று பாராமலே அவரைப் பொறுப்பாளியாக்கும் பழைய கோட்பாடொன்று உள்ளது. ரோமர்களின் பன்னிரு பட்டயங்கள் வரை இதன் வரலாறு செல்கின்றது. அதே சட்ட மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில் 2020 செப்டெம்பரில் உச்ச மேன்முறையீட்டு நீதிமன்றம் இதனை உறுதிப்படுத்தியது. வீதியால் சென்ற தொழிலாளி ஒருவரை மூன்று நாய்கள் தாக்கி, அவர் தமது கையொன்றை இழந்தார். யாரோ ஒருவர் படலையின் பூட்டை உடைத்ததால்தான் நாய்கள் வெளியேறின, தம்மிடம் தவறில்லை என உரிமையாளர் வாதிட்டார். தவறு இல்லாதிருக்கலாம், ஆயினும் நாயை வைத்திருப்பதன் ஆபத்தை அதை வைத்திருப்பவரே ஏற்க வேண்டும், வீதியால் போனவர் மீது அதைச் சுமத்த முடியாது என்பதே நீதிமன்றத்தின் நிலைப்பாடாக அமைந்தது. கடியுண்டவர் சட்டவிரோதமாக வளவுக்குள் நுழைந்திருந்தாலோ, நாயைச் சீண்டியிருந்தாலோ அம்மரபில் உரிமையாளருக்கு விலக்கு உண்டு என்பதையும் கூறியாக வேண்டும். கல்லெறிந்து விளையாடும் சிறுவர்களின் பெற்றோருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கின்றது.

எனினும், முல்லைத்தீவு நீதிமன்றத்துக்குச் சென்று சட்டத்தரணிக்குப் பணம் கட்டி, தவணை தவணையாக அலைந்து நாய்க்கடிக்கு நட்டஈடு பெறக்கூடிய கூலித் தொழிலாளி தண்ணீரூற்றில் எத்தனை பேர்? அவ்வாறு சென்றாலும் முதல் தவணையிலேயே எழும் கேள்வி, நாய் யாருடையது என்பதுதான்.

இவ்விடத்தில் வைத்தியத் துறையின் பக்கத்தையும் நோக்க வேண்டும். உரிமையை மறுப்பதன் முழுக் கொடூரமும் அங்குதான் வெளிப்படுகின்றது. விசர்நாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைப்பது ஏறத்தாழ இல்லை எனலாம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. அவர்களுள் பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இலங்கையில் 1973இல் 377 பேர் இந்நோயினால் மாண்டனர். 1975இல் தொடங்கிய தேசியத் தடுப்புத் திட்டத்தின் பயனாக அத்தொகை அண்மைய ஆண்டுகளில் பெரும்பாலும் இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியுள்ளது. நாய்களுக்கு இலவசமாக ஏற்றப்பட்ட தடுப்பூசியும், கடியுண்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாக வழங்கப்படும் சிகிச்சையும் இதற்கான காரணங்கள். இது பெருமைப்படத்தக்க சாதனையே.

கடியுண்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடங்கள் கழுவிய பின் வைத்தியசாலைக்குச் செல்கின்றார். அங்கு அவரிடம் கேட்கப்படுவன யாவும் நாயைப் பற்றிய கேள்விகளே. வீட்டு நாயா, தடுப்பூசி ஏற்றப்பட்டதா, சீண்டியதால் கடித்ததா, இப்போது எங்கே நிற்கின்றது? தடுப்பூசி ஏற்றப்பட்ட, ஆரோக்கியமான நாயெனில் அதனைக் கட்டிவைத்து 14 நாட்கள் அவதானிக்க முடியும். சிறு காயமாயின் ஊசிகளைத் தவிர்க்கவும் கூடும். நாய் விசர் பிடித்து இறந்துவிட்டால், அதன் தலையைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிப் பரிசோதித்து அறியலாம். நாய் யாருடையது என்பதே தெரியாவிடின், வைத்தியர் மிக மோசமான நிலையை எண்ணியே முடிவெடுக்க வேண்டும். பல தவணைகளாக ஊசி, ஆழமான காயமெனில் விலையுயர்ந்த நீர்ப்பீடனப் புரதம், ஒவ்வொரு தவணைக்கும் மாஞ்சோலை வைத்தியசாலை வரையான பயணம், ஒவ்வொரு பயணத்துக்கும் இழக்கும் ஒருநாட் கூலி என அது நீள்கின்றது. "எங்கட நாய் இல்லை" என்று சொன்னவர் ஒரு சொல்லில் தப்பித்துக்கொண்டார். அதன் விலையைக் கடியுண்டவரும் அரசாங்க வைத்தியசாலையும் செலுத்துகின்றனர்.

இதனினும் மோசமானது, வழக்கு வந்துவிடும் என்றஞ்சி நாயை இரவோடிரவாக அடித்துப் புதைத்துவிடுவதோ, வேறு கிராமத்துக்குக் கொண்டுபோய் விட்டுவிடுவதோ ஆகும். அவ்வாறு செய்பவர், ஓர் உயிரைக் காப்பாற்றக்கூடிய ஒரேயொரு சாட்சியை அழித்துவிடுகின்றார் என்பதை உணர்வதில்லை.

வன்னி மக்களுக்கு விலங்கின் உரிமையாளரைப் பொறுப்பாக்கும் வழக்கம் புதியதன்று. மாடு இதற்கு உதாரணம். காலபோகச் செய்கை தொடங்குமுன் கமக்காரர்களும் அதிகாரிகளும் கூடும் கூட்டத்தில், இன்ன திகதிக்கு முன்னர் வயற்புறத்திலிருந்து மாடுகள் அகற்றப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கப்படுகின்றது. அத்திகதிக்குப் பின் பயிரில் வாய்வைக்கும் மாட்டின் உரிமையாளர் நட்டம் கொடுக்க வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. தொகையைப் பற்றி வாக்குவாதம் இருக்கும், கோபம் இருக்கும். ஆனால் "இது எங்கட மாடில்லை" என்று எவரும் சொல்வதில்லை. சொல்ல முடியாது. ஏனெனில் மாட்டில் குறி இருக்கின்றது. குறிசுடுதல் தொன்மையான வழக்கம். 1958ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் அதற்குப் பதிவும் ஒழுங்கும் தந்தது. நெற்கதிர் நாலைக் கடித்த மாட்டுக்கு உரியவர் உண்டு. பிள்ளையின் காலைக் கடித்த நாய்க்கு உரியவர் இல்லை. இந்த முரணை நாம் எவ்வளவு காலத்துக்குச் சகித்துக்கொண்டிருப்பது?

நாய்க்கும் அத்தகையதொரு குறியை வழங்கவே 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நாய் வைத்திருப்பவர் ஆண்டுதோறும் உள்ளூராட்சிச் சபையில் அதனைப் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். விசர்நாய்களையும் அவ்வாறு சந்தேகிக்கப்படும் நாய்களையும் கையாளும் அதிகாரத்தை அதற்கு முன்னரே 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வழங்கியிருந்தது. தெருநாய்களைக் கொல்வது 2006இல் அரசாங்கக் கொள்கையாகக் கைவிடப்பட்டபோது, பதிவு, தடுப்பூசி, கருத்தடை ஆகிய மூன்றுமே அதன் இடத்தை நிரப்பியிருக்க வேண்டும். பின்னைய இரண்டும் ஓரளவு நடைபெறுகின்றன. முன்னையதை நூற்றாண்டு கடந்த காகிதமாகவே பலரும் கருதுகின்றனர். கொல்லாமை நல்ல கொள்கை. அதனை நாம் மனமாரவே வரவேற்கின்றோம். ஆனால் கொல்லப்படாத நாய்க்கு எவரும் பொறுப்பேற்காத நிலையை அக்கொள்கை வேண்டி நிற்கவில்லை.

தண்ணீரூற்று, முள்ளியவளை போன்று தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இடங்களில் இவ்விடயத்துக்கு மற்றொரு பரிமாணமும் உண்டு. வேட்டை, பயிர்க் காவல், கால்நடைக் காவல் ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வளர்ப்பதை இஸ்லாமிய மரபு ஊக்குவிப்பதில்லை. ஆகவே தமிழர் வளவுகளிலேயே நாய் அதிகம். தொழுகைக்கும் மத்ரசாவுக்கும் இருட்டில் நடந்து செல்வோரில் முஸ்லிம்கள் அதிகம். நாய்க்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆனால் பதில் கிடைக்காத ஒரு கடி, இரண்டாம் முறையும் பதில் கிடைக்காதபோது, ஓர் அயலவர் மீதான மனக்குறை என்ற நிலையிலிருந்து ஒரு சமூகத்தின் மீதான மனக்குறையாக வளரக்கூடும். மீள்குடியேற்றக் காணிகள் தொடர்பான கசப்புகள் முற்றாக ஆறாத ஊர்களில் இத்தகைய சிறு விடயங்களை அலட்சியம் செய்தல் விவேகமாகாது.

இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இதனை ஆழமாகவே ஆராய்ந்துள்ளனர். வாயில்லாப் பிராணி தானாக விளைவித்த காயத்துக்கு ஈடில்லை என்னும் கருத்திலமைந்த நபிமொழி ஸஹீஹான கிரந்தங்களில் இடம்பெற்றுள்ளது. அதனை மட்டும் எடுத்துக்கொண்டு உரிமையாளருக்குப் பொறுப்பே இல்லை என வாதிடுவது பொருந்தாது. பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் கடமை, இரவில் விலங்கைக் காப்பது விலங்குக்குரியவர் கடமை என்னும் நபிகளாரின் தீர்ப்பும் பதிவாகியுள்ளது. கடிக்கும் இயல்புடையதெனத் தெரிந்த நாயை அவிழ்த்துவிட்டவர் அதன் விளைவுக்கு ஈடு செய்ய வேண்டும் என்பதும் சட்ட அறிஞர்கள் எடுத்துக்காட்டிய ஒன்று. திருக்குர்ஆனின் 21ஆம் அத்தியாயத்தில், இரவில் பிறரது விளைநிலத்தில் புகுந்து மேய்ந்த ஆடுகள் தொடர்பாகத் தாவூத், ஸுலைமான் ஆகிய இரு நபிமார்கள் தீர்ப்பளித்தமை குறிப்பிடப்படுகின்றது. விளக்கவுரையாளர்கள் கூறுமாற்றால், ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்துவிடுமாறு முதல் தீர்ப்பு அமைந்தது. ஸுலைமான் நபியோ, பயிர் முன்னைய நிலைக்கு மீளும் வரை ஆடுகளின் பயனை நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும், பின்னர் ஆடுகள் உரியவரிடம் திரும்பட்டும் என்றார்கள். ஆட்டுக்காரரை முற்றாக வீழ்த்தாமல் இழப்பைச் சீர்செய்யும் தீர்ப்பு அது.

நாம் இதனை இங்கு எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் உண்டு. உரிமையாளர்கள் நாயை மறுப்பதற்கு அச்சமே பெரிதும் காரணமாக இருக்கின்றது. ஒப்புக்கொண்டால் பொலிஸ், வழக்கு, மறியல், ஊரார் ஏச்சு என எல்லாம் ஒருங்கே வரும் என்ற அச்சம். ஒப்புக்கொள்வதன் விலை தாங்கக்கூடியதாக இருந்தாற்றான் மனிதர்கள் ஒப்புக்கொள்வர். சிறு தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குச் செல்லுமுன்னர் மத்தியஸ்த சபைக்குச் செல்ல வேண்டும் என்பது 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் ஏற்பாடு. போக்குவரத்துச் செலவு, இழந்த கூலி, காயத்துக்கான ஒரு நியாயமான தொகை, நாயைக் கட்டிவைப்பதான உறுதிமொழி ஆகியவற்றுடன் இத்தகைய பிணக்கொன்று அங்கே ஓரிரு அமர்வுகளில் முடிந்துவிடக் கூடியது. குற்றவியல் வழக்கு, நாய் ஏற்கனவே கடித்திருந்தும் அவிழ்த்துவிட்டவருக்கும், பாரிய காயம் விளைந்த சம்பவங்களுக்குமாக இருக்கட்டும். 2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை ரொட்வைலர் நாய்கள் கடித்துக் குதறியபோது உரிமையாளர் கைது செய்யப்பட்டமை அத்தகையதொரு நிலையே. அங்கும்கூட, மாநகராட்சி உரிமம் பெறுதலைக் கண்டிப்பாக வலியுறுத்தத் தொடங்கியது அச்சம்பவத்தின் பின்னரே.

புலம்பெயர்ந்த நமது உறவினர்கள் வாழும் நாடுகள் மறுப்புக்கு இடமளிக்காத வழியைக் கண்டுள்ளன. கனடாவின் ஒன்ராறியோ மாகாணச் சட்டத்தில் "உரிமையாளர்" என்னும் சொல், நாயைத் தன் வசம் வைத்திருப்பவரையும் அதற்குத் தங்குமிடம் அளிப்பவரையும் உள்ளடக்குகின்றது. நாய் இதற்கு முன் கடித்ததா என்பதோ, அவரிடம் தவறு இருந்ததா என்பதோ அங்கு நிரூபிக்கப்பட வேண்டியதில்லை. இங்கிலாந்தின் 1865ஆம் ஆண்டுச் சட்டம் கால்நடைகளைக் கடித்த நாய்கள் பற்றியது. நாய் எந்த வளவில் தங்கவிடப்பட்டிருந்ததோ அந்த வளவின் குடியிருப்பாளரே உரிமையாளர் எனக் கொள்ளப்படுவார், அல்லவெனில் அதை அவரே நிரூபிக்க வேண்டும் என அது விதித்தது. நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்னர் ஆடு வளர்ப்போர் கேட்டுப் பெற்ற பாதுகாப்பு அது. ரொறன்ரோவில் நாயைச் சங்கிலியின்றி வெளியே கொண்டுசெல்லத் துணியாத நம்மவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் படலையைத் திறந்துவிட்டு நிற்பதையும் காண்கின்றோம். மனிதர் மாறவில்லை. கேள்வி கேட்பவர் இல்லாத இடத்துக்கு வந்துவிட்டார், அவ்வளவே.

கரைதுறைப்பற்றுப் பிரதேச சபை இத்தகையதொரு விதியைத் தனது உபவிதிகளின் ஊடாகக் கொண்டுவர முயல வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம். வளவில் தங்கி உணவுண்ணும் நாய்க்கு அந்த வளவின் குடியிருப்பாளரே பொறுப்பு என்பதே அவ்விதியின் மையமாக இருக்க வேண்டும். கோவிலடியிலும் சந்தையடியிலும் பசித்த நாய்க்கு ஒருபிடி சோறு வைப்பவரை அது தீண்டக் கூடாது. கருணைக்கும் காவலுக்கும் வேறுபாடு உண்டு. தன் வளவைக் காக்க நாயைப் பயன்படுத்துபவர் ஒருவகை, வீதியோர உயிருக்கு இரங்குபவர் மற்றொரு வகை. அந்த வீதியோர நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்விப்பது அரசின் கடமையே தவிர இரங்குபவரின் கடமையன்று.

இதற்கெனப் புதிய அலுவலகமோ பெருந்தொகை நிதியோ தேவைப்படும் என நாம் கருதவில்லை. தடுப்பூசி ஏற்றுவதற்காகச் சுகாதாரத் துறையினர் கிராமங்களுக்கு வருகின்றனர். அறிவித்தல் விடுக்கப்படுகின்றது. சிறுவர்கள் கயிற்றில் கட்டி நாய்களை இழுத்து வருகின்றனர். ஊசி ஏற்றப்பட்டு அட்டையொன்று வழங்கப்படுகின்றது. அதே மேசையில், அதே நாளில், பிரதேச சபையின் உத்தியோகத்தர் ஒருவரும் பதிவேட்டுடன் அமர்ந்து, இலக்கமிட்ட கழுத்துப்பட்டியொன்றை மாட்டிவிட்டால் மாட்டுக்குள்ள குறி நாய்க்கும் வந்துவிடும். பதிவுக் கட்டணத்தை முதல் ஆண்டில் அறவிடாது விட்டால் வருவோர் தொகை கூடும். இன்று நாயை இழுத்து வரும் சிறுவனிடம் அட்டைக்காகப் பெயர் கேட்டால், தயக்கமின்றித் தகப்பன் பெயரைச் சொல்வான். நாய் எவரையும் கடித்திராத அந்த நாளிலேயே அப்பெயரை எழுதிக்கொள்ள வேண்டும்.